கச்சதீவுத் திருநாளன்று கறுப்பி குட்டி போட்டாள்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, போன கூட்டத்தில் பலர் எழுந்து நின்று சாட்சி சொன்னீர்கள். எல்லாருடைய கதையும் சந்தோசமாக முடிந்தது. என்னுடையது அப்படி இல்லை. அதனால்தான் இத்தனை வருடமும் வாய் திறக்காமல் இருந்தேன். கேட்ட பிறகு, இது சாட்சியே இல்லை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனாலும் என் செபம் கேட்கப்பட்டது. அது பொய்யில்லை.

தட்டுப்பாடு வந்து பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் நானும் என் கணவர் சூசைப்பிள்ளையும் நெடுந்தீவில், தீவின் மேற்குப் பக்கத்தில் இருந்தோம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். ஒன்றரை மைல் தள்ளி ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. எங்களிடம் இரண்டு மட்டக்குதிரைகள், இரண்டும் பெட்டை. ஒன்று கறுப்பி, மற்றது செம்பி. தெற்கு வெட்டைவெளியில் காட்டுக் குதிரையாகத் திரிந்தவற்றை அவர் பிடித்துப் பழக்கியிருந்தார். அவற்றின் முதுகில் மண்ணெண்ணெய்த் தகரங்களைத் தொங்கவிட்டு வீடு வீடாகத் தண்ணீர் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. சனங்கள் நெல்லும் குரக்கனும் கருவாடும் தருவார்கள். குறைவில்லாமல் இருந்தோம்.

ஆவணி மாதத்தில் ஓலை வெட்டப் பனையில் ஏறியவர் விழுந்தார். உயிர் போகவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அவரை வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவருடைய அண்ணன் நீக்கிலாப்பிள்ளை. அங்கே பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்து பார்த்தவரும் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. முள்ளந்தண்டு முறிந்துவிட்டது, இனி நடக்கமாட்டார், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டொக்டர் சொன்னார். கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தோம். மகள் றீற்றாவுக்கு அப்போது இரண்டு வயது. தகப்பன் ஏன் எழும்பித் தன்னைத் தூக்கவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. பாயைச் சுற்றிச் சுற்றி வந்து அழுவாள்.

குதிரைகளை நான் எடுத்தேன். ஒரு பொம்பிளை குதிரையோடு தெருவில் திரிவதைப் பார்த்துச் சனங்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பேசாமல் தண்ணீர் வாங்கினார்கள். இரண்டு குதிரையும் சினை. போன பங்குனியில் அவர் இரண்டையும் வெட்டையில் விட்டபோது பட்டது. கார்த்திகை முடிய வயிறு நன்றாகத் தெரிந்தது. பாரத்தைப் பாதியாக்கி, ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை நடந்தேன்.

மார்கழியில் நீக்கிலா அத்தான் வந்தார்; கணவரின் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தார். கடற்கரையில் இருந்து சூளையில் சுட முருகைக்கல் இழுக்க வேண்டும், வண்டி மாடு நொண்டுகிறது, ஒரு குதிரையைத் தா என்று கேட்டார்.

"அத்தான், அது சினைக் குதிரை" என்றேன்.

"எனக்குத் தெரியாதே பிள்ளை? பாதிப் பாரம்தான் ஏத்துவன். ரெண்டு நாளில கொண்டுவந்து விடுறன்."

எப்படி மறுப்பது? என் மனுசனைத் தோளில் சுமந்தவர். செம்பியின் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். என் கணவர் உள்ளே படுத்திருந்தபடி, "குடுக்காதையும்" என்றார். அது எனக்குக் கேட்டது. கேட்டும் கொடுத்தேன்.

இரண்டு நாள் ஆறு நாளானது. ஏழாம் நாள் நானே போனேன். செம்பி சூளைக்குப் பக்கத்தில் மணலில் படுத்திருந்தாள். மயிரில்லாத குட்டி ஒன்று அவளுக்குப் பின்னால் கிடந்தது. ஈ மொய்த்தது. செம்பிக்கு மூச்சு மட்டும் இருந்தது. அவள் முதுகில் தோல் உரிந்து சதை தெரிந்தது. பாதிப் பாரம் ஏற்றிய முதுகு அப்படி இராது. நான் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம் அவள் முடிந்துபோனாள்.

நீக்கிலா அத்தான் சற்றுத் தள்ளி நின்றார். "குதிரைதானே ஆக்னேஸ். வெட்டையில எத்தினை நிக்குது. வேற ஒண்டைப் பிடிச்சுத் தாறன்" என்றார்.

சகோதரங்களே, அந்த ஒரு சொல்தான். "குதிரைதானே." பிழை விட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். அவர் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடும் இல்லை, பிள்ளையோடும் இல்லை. கஞ்சி பருக்கினால் குடிப்பார். இல்லாவிட்டால் கேட்கமாட்டார். தமையன் வாசலுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். நாலைந்து தரம் வந்து பார்த்துவிட்டு அத்தான் வருவதை நிறுத்திக்கொண்டார். பாலன் பிறந்த அந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் விளக்குக் கொளுத்தவில்லை.

இனிக் கறுப்பி ஒருத்திதான். தை மாதத்தோடு அவள் மேல் பாரம் ஏற்றுவதை விட்டுவிட்டேன். தலையில் ஒரு தகரம், இடுப்பில் ஒரு குடம் என்று நானே சுமந்தேன். பத்து வீட்டுக்குக் கொடுத்த தண்ணீர் மூன்று வீட்டுக்குச் சுருங்கியது. இரவல் அரிசி வாங்கப் போன இடங்களில் கதவு திறக்கச் சுணங்கியது. கறுப்பியும் போனால் நாங்கள் மூன்று பேரும் என்ன ஆவது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

குதிரை பதினொரு மாதம் சுமக்கும். அந்தப் பதினொரு மாதம் முடிந்த நாளில் இருந்து நான் காத்திருந்தேன். காலையில் எழும்பியதும் கொட்டிலுக்குப் போய் மடியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் இறுகியிருக்கும், மறுநாள் தளர்ந்திருக்கும். வாலடியில் சதை இளகுகிறதா என்று அமுக்கிப் பார்ப்பேன். இது எல்லாம் நல்ல காலத்தில் அவர் சொல்லித் தந்தவை. காம்பின் நுனியில் மெழுகுபோல ஒரு பொட்டு வந்தால் ஒன்றிரண்டு நாளில் குட்டி வரும் என்பார். அந்தப் பொட்டு வரவில்லை. ஒரு கிழமை போனது. இரண்டாம் கிழமையும் போனது. கறுப்பி வயிற்றைச் சுமக்க மாட்டாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் என்னைப் பார்க்கும் பார்வையில் செம்பியின் கண் தெரிந்தது. நான் போய்க் கணவரின் முதுகுக்குச் சொல்வேன்: "இஞ்சேருங்கோ, இண்டைக்கும் ஒண்டும் இல்லை." முதுகு அசையாது.

அந்தோனியாருக்கு நவநாள் தொடங்கினேன். கொட்டில் வாசலில் முழந்தாளில் நின்று செபமாலை சொன்னேன். நான் எப்படிச் செபித்தேன் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். "ஆண்டவரே, இந்தக் குதிரையைக் காப்பாற்றும். உதவிக்கு ஆரை வேணுமெண்டாலும் அனுப்பும். அந்த மனுசனை மட்டும் அனுப்பாதையும். அவன்ர கை இனி என்ர வாசல்ல படக்கூடாது." ஒவ்வொரு நாளும் இதுதான் என் செபம். அருள்நிறை மந்திரத்துக்கு நடுவிலும் அவரைச் சபித்தேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் தொடங்கியது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒருவர் மேல் தீராத பகை இருக்கிறது என்று சொன்னேன். மன்னிக்க மனமுண்டா என்று பங்குச் சுவாமி கேட்டார்.

"ஏலாது சுவாமி."

"மன்னிக்க வேணும் எண்டு விருப்பமாவது இருக்கோ?"

"அதுவும் இல்லை."

"அப்ப நான் என்னெண்டு பாவப்பொறுத்தல் தாறது, பிள்ளை? பொய் சொல்லாமல் வந்து நிண்டனீர். அதுக்காகச் செபிக்கிறன். போட்டு வாரும்" என்றார்.

ஞாயிறு பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்க எழும்பிப் போனபோது, பாவப்பொறுத்தல் இல்லாமல் வாங்கக்கூடாது என்று நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாயில் கிடக்கிற மனுசனை வைத்துக்கொண்டு இவள் என்ன பாவம் செய்தாளோ என்று கோயில் முற்றத்தில் பேசினார்கள். என் காதில் விழத்தான் பேசினார்கள்.

பிறகு கச்சதீவு அந்தோனியார் கோயில் திருநாள் வந்தது. சனிக்கிழமை விடிய முதலே வள்ளங்கள் எல்லாம் வெளிக்கிட்டுவிட்டன. எங்கள் பகுதியில் நடக்கக்கூடிய ஆண்கள் ஒருவர்கூட மிச்சமில்லை என்றுதான் நினைத்தேன். பெண்களிலும் பாதிப் பேர் போய்விட்டார்கள். நான் பிறந்ததில் இருந்து தவறாமல் போன திருநாள். அன்றைக்குக் கடற்கரைப் பக்கம் பார்க்காமல் தண்ணீர்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். "அந்தோனியாரே, எல்லாரையும் உம்மட்டைக் கூப்பிட்டீர், என்னை மட்டும் விட்டிட்டீர்" என்று மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

பத்து மணியளவில் வீட்டுக்கு வந்தபோது கறுப்பி வியர்த்து நனைந்திருந்தாள். குதிரை அனேகமாக இரவில்தான் ஈனும். ஆள் நடமாட்டம் இல்லாத அமைதி பார்த்து இவள் பகலைத் தெரிந்தெடுத்தாளோ என்னவோ. நான் தகரத்தை இறக்க முதல் பனிக்குடம் உடைந்தது. அவள் சரிந்து படுத்தாள். ஒரு குளம்பு வெளியே வந்தது. அவள் முக்கினாள். குளம்பு கொஞ்சம் வந்தது, திரும்ப உள்ளே போனது. மறுபடி முக்கினாள். அதே ஒரு குளம்புதான். இரண்டாவது கால் வரவில்லை. மூக்கும் வரவில்லை. கறுப்பி ஒரு சத்தம் போட்டாள். குதிரை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அப்போது வீட்டுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"எத்தினை கால் வந்திருக்கு?"

இரண்டு மாதத்துக்கு மேல் கேட்காத குரல். ஒரு கணம் யார் என்று எனக்குப் புரியவில்லை.

"ஒண்டு" என்று கத்தினேன்.

"குளம்பின்ர அடி மேலே பாக்குதோ, கீழே பாக்குதோ?"

"கீழே!"

"அப்ப முன்னங்கால்தான். மற்றது மடங்கிப்போய்க் கிடக்கு. குதிரைக்குக் கனநேரம் இல்லை. ஓடிப்போய் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாரும். சூளையில புகை மணக்குது, ஆள் அங்கைதான்."

தீவே திருநாளுக்குப் போயிருக்க, கொளுத்திய சூளையை விட்டுப் போக முடியாமல் ஒரே ஒரு ஆண் மிஞ்சியிருந்தார்.

நான் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அவரையோ? ஏலாது. வேற ஆரையும் சொல்லுங்கோ."

அவர் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "வேற ஆர் இருக்கினம் ஆக்னேஸ்? நீர் போறீரோ, இல்லாட்டி நான் தவண்டு போகவோ?" சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி உடம்பை இழுத்தார். செத்த கால் இரண்டும் பாயில் இருந்து வழுகி விழுந்தன.

ஓடினேன். நாலு வேலி தாண்டினால் சூளை. எந்த இடத்தில் செம்பி செத்தாளோ அந்த மணலைத் தாண்டித்தான் ஓட வேண்டும். நீக்கிலா அத்தான் சூளை வாயில் விறகு தள்ளிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் தடியோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்கு வாய் வரவில்லை.

"கறுப்பிக்கு ஏலாமல் கிடக்கு. வாங்கோ" என்றேன். அத்தான் என்று கூப்பிடவில்லை.

அவர் தடியைப் போட்டார். எனக்கு முன்னே ஓடினார்.

வாசலில் என் கணவர் பாதி வெளியே கிடந்தார். "என்னைத் தூக்கிக் கொட்டிலடியில கிடத்துங்கோ அண்ணை. கண்ணாலை பாக்க வேணும்." அத்தான் குனிந்து, ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். தூக்கும்போதுதான் தம்பியின் பாரம் எவ்வளவு குறைந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் முகம் கோணியது. றீற்றா அழுதுகொண்டு பின்னால் வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"குதிரையை எழுப்பி நிப்பாட்டுங்கோ. நிண்டால்தான் உள்ளுக்கு இடம் கிடைக்கும்" என்றார் என் கணவர். அத்தான் கறுப்பியின் நெஞ்சுக்குக் கீழே தோளைக் கொடுத்து எழுப்பினார். அவள் விழப் பார்த்தாள். அவர் தன் முதுகை முட்டுக்கொடுத்து நின்றார்.

"ஆக்னேஸ், உம்மடை கைதான் போகும். எண்ணெய் பூசும். அவ முக்காத நேரம் பாத்து குட்டியைப் பின்னுக்குத் தள்ளும். பிறகு காலைத் தேடும்."

தேங்காயெண்ணெயை முழங்கைக்கு மேலே பூசிக்கொண்டு கையை விட்டேன். சூடு. கறுப்பி முக்கும்போது என் எலும்பு நொறுங்குவதுபோல இருந்தது. நான் கத்தினேன். "விடாதையும், கையை எடுக்காதையும்" என்றார் அவர். தள்ளினேன். தடவினேன். ஒரு மூட்டு தட்டுப்பட்டது.

"முழங்கால் பிடிபடுது!"

"அதிலை இருந்து கீழே போம். குளம்பை உள்ளங்கையாலை மூடிப் பிடியும். மூடாமல் இழுத்தால் உள்ளே கிழிச்சுப்போடும். மெல்ல, மெல்ல மடக்கி முன்னுக்குக் கொண்டுவாரும்."

இரண்டு தரம் வழுக்கிப்போனது. மூன்றாந்தரம் குளம்பு என் கைக்குள் வந்தது. மெத்தென்று, நனைந்த பழம்போல இருந்தது. முன்னுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு காலும் சேர்ந்து நின்றன. கறுப்பி அப்படியே மடிந்து படுத்தாள். "இப்ப அண்ணை பிடியுங்கோ. அவ முக்கேக்கை மட்டும் இழுங்கோ, கீழ்ப்பக்கமா." நானும் அத்தானும் ஆளுக்கொரு காலைப் பிடித்தோம். அவர் தோளும் என் தோளும் முட்டின. அந்தத் தோள் எனக்கு அருவருப்பாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

குட்டி வந்து வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை.

"மூக்கைத் துடையும்! வைக்கோல் துரும்பை மூக்குக்குள்ளை விடும்!" அத்தான் தன் சட்டையைக் கழற்றிக் குட்டியின் நெஞ்சைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். செபமோ வேறெதுவோ தெரியாது. நான் துரும்பை விட்டேன். ஒன்றும் இல்லை. மறுபடி விட்டேன். குட்டி தும்மியது. பிறகு தலையை உதறியது. ஒரு வெள்ளாட்டின் அளவுதான் இருக்கும். கறுப்புப் பெட்டைக்குட்டி. கறுப்பி படுத்தபடியே கழுத்தைத் திருப்பி அதை நக்கினாள்.

என் கணவர் சத்தம் போட்டு அழுதார். விழுந்த நாளில் இருந்து அவர் அழுததில்லை.

அத்தான் எழும்பி வாளித் தண்ணீரில் கை கழுவினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். ஒரு சொல் போதும். அவர் நனைந்த சட்டையைப் பிழிந்து தோளில் போட்டார். "நஞ்சுக்கொடி முழுக்க விழுந்திட்டுதோ எண்டு பாத்துக்கொள். நான் போறன்" என்றார். போய்விட்டார்.

அடுத்த கிழமை சூளைப் பக்கம் போனபோது பாதி வெந்தும் பாதி வேகாமலும் ஒரு குவியல் கல் கொட்டிக் கிடந்தது. நடுவில் நெருப்பு இறங்கியதால் முழுச் சூளையும் வீணாகிவிட்டது. அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் பேசவில்லை. செம்பியைப் பற்றியும் பேசவில்லை. சாகும் வரைக்கும் மன்னிப்பும் கேட்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "இன்னும் மன்னிக்க ஏலாமல்தான் இருக்கு சுவாமி. ஆனால் மன்னிக்க வேணும் எண்டு இப்ப விருப்பம் இருக்கு" என்றேன். அவர் பாவப்பொறுத்தல் தந்தார். உயிர்த்த ஞாயிறன்று நற்கருணை வாங்கினேன். நாக்கில் கசந்ததுபோலத்தான் இருந்தது.

என் கணவர் நடக்கவில்லை. அதற்காக நான் கேட்ட செபங்களுக்குக் கணக்கில்லை. அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் அவர் பேசினார். பாயில் கிடந்தபடியே குட்டியைப் பழக்க எனக்குச் சொல்லித் தந்தார். றீற்றாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அத்தான் பின்னேரங்களில் வந்து அவரைத் தூக்கி வெளியே இருத்துவார். அண்ணனும் தம்பியும் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன், முகம் பார்க்காமல். மூன்று வருடம் அப்படிப் போனது. பிறகு படுக்கைப் புண் என் மனுசனைக் கொண்டுபோனது. பெட்டியின் தலைமாட்டைச் சுமந்தவர் அத்தான். வயது போன மனுசன், கால் தடுமாறியும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் அவரைத் திரும்பவும் அத்தான் என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழுந்ததோ தெரியாது. அடுத்த மாரிக்குள் அவரும் போய்விட்டார்.

எனக்கு இன்னும் வலிக்கிறது, சகோதரங்களே. குடுக்காதையும் என்று என் மனுசன் சொன்னதைக் கேட்டும் செம்பியின் கயிற்றைக் கொடுத்தவள் நான். அந்தப் பாவத்தை ஒருவர் தலையிலேயே கட்டிவிட்டு இத்தனை காலம் இருந்தேன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஆனால் நான் உதவி கேட்டேன், உதவி வந்தது. எந்தக் கையை அனுப்பாதேயும் என்று கேட்டேனோ அந்தக் கையையே ஆண்டவர் அனுப்பினார். என் மனுசனின் குரலை, நான் கேட்கவே துணியாத ஒன்றை, அந்தக் கொட்டில் வாசலில் திருப்பித் தந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். சந்தோசமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

இப்போது நான் செபிக்கும்போது நிபந்தனை வைப்பதில்லை. நீங்களும் அவரை நம்புங்கள். மனதில் கசப்பு இருந்தால் கசப்போடேயே வந்து கேளுங்கள், அவர் கோபிக்கமாட்டார். இன்றைக்கு இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது உங்களில் யாரோ ஒருவர், போகவே கூடாது என்று இருந்த ஒரு வாசலுக்குப் போக வேண்டியிருக்கலாம். அங்கே என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். எனக்கும் வாய் வரவில்லை. வாங்கோ என்ற ஒரு சொல்தான் வந்தது. அது போதுமாக இருந்தது.